90-ஐத் தாண்டினால் நடுங்கும் அப்பாவின் கான்டெஸா: எந்த ஷாஃப்ட் வாங்கட்டும்?

ஈரோடு பக்கமிருந்து 34 வயது வாசகர் ஒருவர் மூன்று பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வீட்டில் அப்பா 1988-ல் வாங்கிய கான்டெஸா கார் நிற்கிறது. பழைய 1.5 லிட்டர் எஞ்சின் முடிந்துபோன பிறகு, நான்கு வருடத்துக்கு முன் வேறொரு கம்பெனியின் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினையும் அதோடு வந்த 5 கியர் பெட்டியையும் ஏற்றியிருக்கிறார். பின் ஹவுசிங்கும் (பின் அச்சின் பல்சக்கரப் பெட்டி) வேறு வண்டியுடையது, ரேஷியோ 3.9, அதாவது ஷாஃப்ட் 3.9 தடவை சுற்றினால் சக்கரம் ஒரு தடவை சுற்றும். ஹவுசிங்கோடு வந்த புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பெட்டியின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் நீளக் குழாய்) கியர் பெட்டி வரை எட்டவில்லை. லேத் பட்டறையில் அதை நடுவில் அறுத்து, 18 செ.மீ. துண்டுக் குழாய் வைத்துப் பற்றவைத்து நீட்டிக் கொடுத்தார்களாம். 80 வரை பெரிய தொந்தரவில்லை. 88, 90-ல் தரையில் ஒரு நடுக்கம் ஆரம்பிக்கிறது, 105-ல் உள்கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் இரண்டு விளக்கும் கலங்கி ஒன்றாகத் தெரிகிறது, பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் மூக்குக்கண்ணாடி மூக்கிலேயே ஆடுகிறது. இது போக, 60-65-ல் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது மட்டும் அடியிலிருந்து 'ஊம்ம்' என்று ஒரு முழக்கம், காலை எடுத்தால் போய்விடுகிறது.

நான்கு டயரும் புதிது (185/70 ஆர் 14), வீல் பாலன்சிங் மூன்று தடவை, ஷாஃப்டின் இரண்டு முனையிலும் மடங்கும் இணைப்பாக இருக்கும் கிராஸ் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. லேத்காரர் 5 மி.மீ. கனமுள்ள குழாயில் ஷாஃப்ட் செய்து தருகிறேன் என்கிறார். ஒரு நண்பர் வெளிநாட்டு அலுமினிய ஷாஃப்ட் வாங்கச் சொல்கிறார், வாசகருக்கோ கார்பன் ஃபைபர் மேல் கண். இன்னொரு நண்பர், "110-ஐத் தாண்டிட்டா தானா அடங்கிடும், அழுத்திப் போ" என்கிறார். நெடுஞ்சாலையில் 100, 110-ல் நிம்மதியாகப் போக வேண்டும், வருடத்துக்கு ஒரு நாள் கோவை செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் 140 வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அப்பா "வித்துடு" என்கிறார். "சார், பணம் பிரச்சினை இல்லை, எந்த ஷாஃப்ட் வாங்கட்டும்?" என்பதுதான் கேள்வி.

தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசிப் பக்கத்தில் அளந்து எழுதிய எண்கள். நிறைய பேர் "வண்டி ஆடுது, என்ன போடலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் ஷாஃப்டின் இரண்டு கிராஸ் மையத்துக்கும் நடுவே 1,500 மி.மீ., குழாயின் வெளிவிட்டம் 51 மி.மீ., கனம் 2 மி.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். மொபைலில் சாய்வு பார்க்கும் ஆப் வைத்து, கியர் பெட்டி பின்பக்கம் 4 டிகிரி தாழ்ந்திருக்கிறது, ஷாஃப்ட் 5.5 டிகிரி தாழ்ந்து போகிறது, பின் ஹவுசிங்கின் பினியன் (ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கர அச்சு) மட்டமாக 0-வில் இருக்கிறது என்றும் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் வண்டியின் நோய் முழுக்க இந்த எண்களில் இருக்கிறது. ஒரு நோய் இல்லை, இரண்டு.

அதற்குள் போவதற்கு முன்னால் ஒன்று. ஷாஃப்ட் மாறும் வரை 80-ஐத் தாண்டாதீர்கள், அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நிச்சயமாகத் தாண்டாதீர்கள். அந்த 80 எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன்.

"அழுத்திக் கடந்துவிடு" என்ற யோசனை

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. டயரிலோ வீல் டிஸ்கிலோ வரும் நடுக்கம் பல வண்டிகளில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உச்சத்துக்குப் போய், அதைத் தாண்டினால் குறையும். அவர் பார்த்தது அதுவாக இருக்கும். உங்களுடையது அந்த ரகமில்லை. 88-ல் ஆரம்பித்து 105 வரை ஏறிக்கொண்டே போகிறது, ஸ்டியரிங் ஆடவில்லை, தரையும் கியர் லீவரும் 'ஜ்ஜ்' என்று வேகமாக நடுங்குகின்றன. சக்கரம் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 15 தடவைதான் சுற்றும், அந்த ஆட்டத்தை உடம்பு உலுக்கலாக உணரும். ஷாஃப்ட் அதே வேகத்தில் நொடிக்கு 57 தடவை சுற்றுகிறது. கண்ணாடியில் விளக்கைக் கலங்கடிப்பது இந்த வேகமான நடுக்கம்தான்.

கணக்கு எளிது. உங்கள் டயர் ஒரு சுற்றுக்குத் தோராயமாக 1.9 மீட்டர் உருளும். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 877 சுற்று, அதை 3.9-ஆல் பெருக்கினால் ஷாஃப்ட் சுமார் 3,420 சுற்று. இப்போது சிறு பிள்ளைகள் தாண்டும் ஸ்கிப்பிங் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையும் கையில் இருக்கும், நடுவயிறு மட்டும் வெளியே தள்ளிச் சுற்றும். இரும்புக் குழாயும் ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் அப்படித்தான் வளைந்து சுற்றத் தொடங்கும். எந்தக் குழாயும் நூறு சதவீதம் நேராக இருக்காது, அந்த இம்மி வளைவை வேகம் பிடித்து இழுக்கிறது. இதைத்தான் கிரிட்டிக்கல் ஸ்பீட் என்கிறோம். 51 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனம், 1,500 மி.மீ. நீளமுள்ள இரும்புக் குழாய்க்குக் காகிதக் கணக்கில் அது சுமார் 3,700 சுற்று, அதாவது உங்கள் வண்டியில் 108 கி.மீ. வேகம். காகிதத்தில் இரண்டு முனையும் அசையாமல் பிடித்திருப்பதாகக் கணக்கு. நிஜ வண்டியில், ஷாஃப்ட் கியர் பெட்டிக்குள் நுழையும் பல்வரிசையான ஸ்ப்லைனில் கொஞ்சம் ஆட்டம், கிராஸில் கொஞ்சம், ரப்பர் மவுண்டில் கொஞ்சம் என்று எல்லாம் சேர்ந்து அதைக் கீழே இழுக்கும். அதனால் கணக்கில் வரும் எண்ணில் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டக் கூடாது என்பது நாங்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். 3,700-ல் முக்கால் 2,775 சுற்று. அது 81 கி.மீ. வேகம். உங்கள் நடுக்கம் 88-ல் ஆரம்பிப்பதில் ஆச்சரியமே இல்லை.

நீட்டுவதற்கு முன் இதே ஷாஃப்ட் 1,320 மி.மீ. இருந்திருக்கும். அப்போது கிரிட்டிக்கல் ஸ்பீட் சுமார் 4,770 சுற்று, முக்கால் பங்கு என்று பார்த்தால் 105 கி.மீ. வரை தாங்கியிருக்கும். 18 செ.மீ. நீளம் கூடியதில் 24 கி.மீ. வேகம் போய்விட்டது, ஏனென்றால் நீளம் இங்கே வர்க்கமாக வேலை செய்கிறது. போதாததற்கு, ஒட்டு விழுந்தது சரியாக நடுவில், குழாய் அதிகம் வளையும் அதே இடத்தில்.

மின்நிலைய டர்பைன்களைக் கிரிட்டிக்கல் ஸ்பீடைத் தாண்டி ஓட்டுகிறார்களே என்று கேட்கலாம். அவற்றின் பேரிங்குகள் அந்த ஆட்டத்தை விழுங்கும்படி கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை. கார் ஷாஃப்டில் அப்படி எதுவும் கிடையாது, அது வளைய ஆரம்பித்தால் உடையும் வரை வளையும். பல வருடம் முன்பு என் பட்டறைக்கு ஒரு வாடகை ஜீப்பை இழுத்துக்கொண்டு வந்தார்கள். நீட்டிய ஷாஃப்ட், முன் கிராஸ் விட்டுப்போய் முனை ரோட்டில் குத்தியிருந்தது. அந்தக் குழாயை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். மென்று துப்பிய கரும்புச் சக்கை மாதிரி நசுங்கி, முனை சூட்டில் நீலம் பாரித்திருந்தது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் தரைத்தகடு உள்பக்கமாகக் கிழிந்திருந்தது. அவர் உயிரோடு வந்தார், கால் வழக்கத்துக்கு வர ஒரு வருடம் ஆனது. அதை நேரில் பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கனமான குழாய், அலுமினியம், கார்பன்

லேத்காரர் சொல்லும் 5 மி.மீ. கனம் நியாயமாகத்தான் தோன்றும். கனமாக இருந்தால் உறுதி, உறுதியாக இருந்தால் ஆடாது என்று நாம் எல்லோருமே நினைப்போம். ஆனால் முறுக்கைத் தாங்குவது வேறு, சுற்றும்போது வளையாமல் இருப்பது வேறு. உங்கள் 2 லிட்டர் எஞ்சினின் முறுக்கை இப்போதிருக்கும் 2 மி.மீ. குழாயே முதல் கியரில்கூடத் தாராளமாகத் தாங்கும். வளையாமல் இருப்பதற்கு உதவுவது விட்டம். அதே 51 மி.மீ. விட்டத்தில் கனத்தை 5-ஆக்கினால் குழாயின் எடை இரண்டு மடங்குக்கு மேல் கூடும், கிரிட்டிக்கல் ஸ்பீட் கூடாது, சுமார் 200 சுற்று குறையும். பணம் கொடுத்து நோயை வாங்கிய கதையாகிவிடும்.

அலுமினியம் இன்னும் சுவாரஸ்யம். அதன் எடை இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, ஆனால் விறைப்பும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குதான். கிரிட்டிக்கல் ஸ்பீடுக்குக் கணக்கில் வருவது விறைப்புக்கும் எடைக்கும் உள்ள விகிதம், அது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆக 51 மி.மீ. இரும்புக் குழாய்க்குப் பதில் அதே அளவில் அலுமினியக் குழாய் போட்டால் எதுவும் மாறாது. வெளிநாட்டு அலுமினிய ஷாஃப்ட் போட்டவர்களுக்கு நடுக்கம் நின்றது உண்மைதான். நிறுத்தியது அதன் பெரிய விட்டம், எடை ஏறாமல் குழாயைப் பெரிதாக்கிக்கொள்ளத்தான் அலுமினியம்.

கார்பன் ஃபைபர் மட்டும் உண்மையிலேயே வேறு ஜாதி. எடைக்கு அதன் விறைப்பு அதிகம், நீளமான ஒற்றை ஷாஃப்டை வேகமாகச் சுற்ற அது நல்ல பொருள். நிஸ்ஸான் 350இசட், மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார்களில் கம்பெனியே கார்பன் ஷாஃப்ட் கொடுத்தது. உங்களுக்கு நான் பரிந்துரைக்கவில்லை. நீளம் 5 மி.மீ. தப்பாக வந்தாலும் இங்கே வெட்டி ஒட்ட முடியாது, அதன் யோக் (கிராஸைப் பிடிக்கும் கவை முனை) உங்கள் கிராஸுக்குப் பொருந்துமா என்பது தனித் தலைவலி, சைலன்ஸர் குழாய் பக்கத்திலேயே ஓடும் வண்டியில் சூடு அதன் பிசினுக்கு ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல், உங்கள் இரண்டாவது நோயை அது தொடக்கூடத் தொடாது.

இன்னொரு சின்ன விஷயம். "5-வது கியர் போட்டதால்தான் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றுகிறதோ" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. ஷாஃப்ட் சக்கரத்தோடு கட்டப்பட்டது, 100-ல் போனால் நாலாவது கியரானாலும் ஐந்தாவது ஆனாலும் அதே 3,420 சுற்றுதான். ஐந்தாவது கியரும் பெரிய எஞ்சினும் செய்தது, முன்பு போகவே முடியாத வேகத்துக்கு வண்டியைக் கொண்டுபோனதுதான். கான்டெஸா 1984-ல் வந்தபோது அதில் இருந்தது அம்பாசடர் வழி 1.5 லிட்டர் எஞ்சின், 50 குதிரைத்திறன். அப்போது 110-ஐப் பற்றி யாருக்கும் கவலை இருந்திருக்காது. (முன்சக்கர இழுவைக் கார் வைத்திருந்து இதைப் படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். உங்கள் ஷாஃப்டுகள் குட்டை, சுற்றுவதும் சக்கர வேகத்தில்தான். அங்கே நடுக்கம் வந்தால் பெரும்பாலும் உள் ஜாயின்ட் தேய்மானம்.)

60-ல் வரும் அந்த முழக்கம்

இதுதான் இரண்டாவது நோய், எந்த ஷாஃப்ட் போட்டாலும் கூடவே வரப்போவது. கிராஸ் போட்ட ஜாயின்ட் சாய்வாகச் சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை கொஞ்சம் முந்தும், இரண்டு தடவை கொஞ்சம் பிந்தும். முன் ஜாயின்ட் செய்யும் இந்தக் கோளாறைப் பின் ஜாயின்ட் எதிராகச் செய்து சரிக்கட்ட வேண்டும். அதற்கு இரண்டு இடத்திலும் கோணம் சமமாக இருக்க வேண்டும், ஷாஃப்டின் இரண்டு யோக்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும்.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்தேன். முன்னால் 5.5-லிருந்து 4 போக 1.5 டிகிரி, அழகாக இருக்கிறது. பின்னால் 5.5-லிருந்து 0 போக 5.5 டிகிரி. வேறு வண்டியின் ஹவுசிங்கை ஏற்றும்போது பிராக்கெட்டை மட்டம் பார்த்துப் பற்றவைத்திருக்கிறார்கள், பார்வைக்கு அது சரியாகத்தான் இருக்கும். ஆனால் முந்திப் பிந்தும் இந்தக் கோளாறு கோணத்தின் வர்க்கத்தில் ஏறும். 1.5-க்கும் 5.5-க்கும் நடுவே 13 மடங்கு வித்தியாசம், எதுவும் எதையும் சரிக்கட்டவில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் மட்டும் வருகிறது, காலை எடுத்தால் போகிறது என்று நீங்கள் எழுதியது இதற்கு அச்சான அடையாளம். கிராஸ் இரண்டு தடவை தேய்ந்ததும் பின்பக்கக் கிராஸாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், பார்த்து எழுதுங்கள்.

பினியன் மூக்கை மேலே தூக்க வேண்டும். சரியாகச் சமப்படுத்த 4 டிகிரி. ஆனால் வண்டி இழுக்கும்போது ஹவுசிங் தானாகக் கொஞ்சம் மூக்கைத் தூக்கும் என்பதால் நின்ற நிலையில் 3 டிகிரி வைத்தால் போதும். லீஃப் ஸ்பிரிங் என்றால் ஆப்பு வடிவத் தகடு, லிங்க் வைத்த அமைப்பு என்றால் லிங்க் நீளம் அல்லது பிராக்கெட். தூக்கிய பிறகு ஷாஃப்டின் சாய்வும் கொஞ்சம் மாறும், மறுபடி அளங்கள். இரண்டு ஜாயின்டிலும் கோணம் 3 டிகிரிக்குள், இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 1 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். சுத்தமாக 0-வும் வேண்டாம், கோணமே இல்லாவிட்டால் கிராஸின் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் குத்தி வடு விழும். அளக்கும்போது வண்டி தன் சக்கரத்தில் நிற்க வேண்டும். பாடியை ஜாக்கியில் தூக்கி, ஹவுசிங் தொங்கும்போது எடுத்த கோணத்துக்கு அர்த்தமில்லை.

செலவுக்கு முன் ஒரு சாயங்காலம்

80-ஐத் தாண்டாதீர்கள் என்று சொன்னேன், இந்த ஒரு சோதனை மட்டும் அதற்கு விலக்கு, அதுவும் அப்பா இல்லாமல். ஆளில்லாத நல்ல ரோட்டில், 90-ஐத் தாண்டாமல், நடுக்கம் தொடங்கும் வேகத்தில் கிளட்சை அழுத்தி நியூட்ரலுக்கு வந்து எஞ்சினை ஐட்லிங்கில் விடுங்கள். நடுக்கம் அப்படியே இருந்தால் எஞ்சினும் கிளட்சும் குற்றவாளி இல்லை. அதே வேகத்தில் நாலாவது கியரிலும் ஐந்தாவதிலும் பாருங்கள், இரண்டிலும் ஒன்றாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஷாஃப்ட் பக்கம்தான்.

பிறகு வண்டிக்கு அடியில் போய், கியர் பெட்டியின் வாலில் ஷாஃப்டின் முன்முனையான ஸ்லிப் யோக் நுழையும் இடத்தைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது, ஏனென்றால் புது ஷாஃப்ட் போட்டும் நடுக்கம் போகவில்லை என்று என்னிடம் வந்த வண்டிகளில் நிறைய, அங்கே யோக்கைத் தாங்கும் வால் புஷ் தேய்ந்த வண்டிகள். செகண்ட் ஹேண்ட் கியர் பெட்டியில் அது தேய்ந்துதான் இருக்கும். அங்கே ஆயில் கசிவு இருந்தால் அதுவே ஒரு சாட்சி. அப்படியே பினியன் ஃப்ளாஞ்சில் (ஷாஃப்ட் வந்து சேரும் தட்டு) டயல் கேஜ் (இம்மி ஆட்டத்தையும் காட்டும் அளவி) வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் ஜாக்கியில் தூக்கிவைத்து வேகமாக ஓட்டிப் பார்க்கும் சோதனையை மட்டும் செய்யாதீர்கள். அடியில் யாரும் இல்லாவிட்டாலும் வேண்டாம்.

சரி, எதைப் போடலாம்?

என் முதல் பரிந்துரை, அதே 1,500 மி.மீ. நீளத்தில் 76 மி.மீ. விட்டம், 2 மி.மீ. கனமுள்ள ஒரே துண்டு இரும்புக் குழாய். கிரிட்டிக்கல் ஸ்பீட் சுமார் 5,600 சுற்றுக்குப் போகும், முக்கால் பங்கு 4,200, அது 123 கி.மீ. நீங்கள் கேட்ட 110-ல் ஷாஃப்ட் 3,760 சுற்றுதான், கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு. தேய்மானம் குறைவு, இரண்டே கிராஸ், எந்த ஊரிலும் ரிப்பேர் செய்யலாம். வெளிநாட்டு ஷாஃப்டின் விலையோடு பார்த்தால் செலவும் சின்னதுதான். 63 மி.மீ. குழாய் சுலபமாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது 102 கி.மீ. வரைதான் கணக்கில் வரும், ஒரு வருடத்தில் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

டிராக்கில் 140 என்பது வேறு கதை. அங்கே ஷாஃப்ட் 4,790 சுற்று, 76 மி.மீ. ஒற்றைக் குழாய்க்கு அது அதிகம். 89 மி.மீ. போட்டால் கணக்கு ஒத்துவரும், ஆனால் உங்கள் தரைச் சுரங்கத்தில் கைப்பிரேக் கேபிளையும் சைலன்ஸரையும் தாண்டி அது நுழையும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்புறம் இருப்பது நடுவில் தாங்கிப் பிடிக்கும் சென்டர் பேரிங் வைத்த இரண்டு துண்டு ஷாஃப்ட். நீளம் பாதியானால் கிரிட்டிக்கல் ஸ்பீட் நாலு மடங்கு, அந்தக் கவலையே போய்விடும். பதிலுக்கு மூன்று கிராஸ், ஒரு ரப்பர், சரியாகச் சமப்படுத்த வேண்டிய இன்னொரு கோணம். கான்டெஸாவுக்குத் தனி சேஸிஸ் கிடையாது, சென்டர் பேரிங்கை வெறும் தரைத்தகட்டில் தொங்கவிட்டால் முழக்கம் நேராகக் காதுக்கு வரும், நாளாவட்டத்தில் தகடு வெடிக்கும். குறுக்கே ஒரு இரும்புப் பட்டை கொடுத்து, இரண்டு பக்கமும் பாடியின் பலமான இடத்தில் கட்ட வேண்டும். இதைச் செய்து பழகிய பட்டறை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒற்றைக் குழாய் போட்டு, டிராக்கில் 120-ஐத் தாண்டாமல் ஓட்டுங்கள். செட்டிப்பாளையம் வளைவுகள் நிறைந்த டிராக், அங்கே கார் ஓட்டும் சந்தோஷம் நேர்ரோட்டு வேகத்தில் இல்லை.

யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. ஷாஃப்டைத் தொடாமல் அதன் வேகத்தைக் குறைப்பது. இதே ஹவுசிங்குக்கு 3.5 ரேஷியோ பக்கம் கிரவுன் பினியன் (உள்ளே இருக்கும் பல்சக்கர ஜோடி) கிடைத்தால் 100-ல் ஷாஃப்ட் 3,420-க்குப் பதில் 3,070 சுற்றுதான் சுற்றும். பெரிய எஞ்சின் என்பதால் இழுவை குறைந்தது தெரியவும் தெரியாது. 76 மி.மீ. குழாயோடு இதையும் சேர்த்தால் 137 கி.மீ. வரை கணக்கு இடம் கொடுக்கும். உங்கள் ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும், அதைத் திருத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எது செய்தாலும் முன் ஜாயின்டுக்குப் பின்னால் ஒரு சேஃப்டி லூப் போட்டுவிடுங்கள். அமெரிக்க டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ. விதியில் முன் கிராஸ் மையத்திலிருந்து 6 அங்குலத்துக்குள், ஷாஃப்டை முழுவதும் சுற்றி, கால் அங்குலக் கனமும் 2 அங்குல அகலமும் உள்ள இரும்புப் பட்டை கேட்கிறார்கள். கிராஸ் விட்டுப்போனாலும் ஷாஃப்ட் ரோட்டில் விழாது. அந்த ஜீப்பில் இது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பட்டறையில் நின்று பார்க்க வேண்டியவை

குழாய் சீம்லெஸ் (ஒட்டே இல்லாதது) அல்லது சி.டி.டபிள்யூ. (பற்றவைத்த பிறகு குளிர்நிலையில் இழுத்துச் சீராக்கியது) குழாயாக இருக்கட்டும். தண்ணீர்க் குழாயை வெட்டிச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், அதன் கனம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்காது, பாலன்ஸ் பிடிக்கவே பிடிக்காது. நடுவில் ஒட்டு கூடாது, இரண்டு முனையில் மட்டும். யோக்குகளைக் குழாய்க்குள் இறுக்கமாக இறக்கி, இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா பார்த்து, நாலு இடத்தில் டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) வைத்து, டயல் கேஜில் சுற்றி நேராக்கிய பிறகுதான் முழு வெல்டிங். வெல்டிங் ஆறியதும் மறுபடி டயல் கேஜ். நடுவில் கால் மில்லிமீட்டருக்குள் வந்தால் எனக்குத் திருப்தி, அரை மில்லிமீட்டர் தாண்டினால் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.

பாலன்சிங்கில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். லேத்தில் கத்தி முனையில் உருட்டிப் பார்த்து வாஷர் பற்றவைப்பது போதாது. ஒரு முனையில் மேலேயும் மறு முனையில் கீழேயும் எடை கூடியிருந்தால் உருட்டும்போது சமமாகத்தான் நிற்கும், சுற்றும்போது வண்டியைக் குலுக்கும். 76 மி.மீ. குழாயின் மேல் 20 கிராம் கூடுதலாக இருந்தால் 4,000 சுற்றில் அது 13 கிலோ எடையின் இழுப்பாக மாறி நொடிக்கு 67 தடவை தரையை இடிக்கும். அதனால் டைனமிக் மெஷினில், இரண்டு முனையிலும் தனித்தனியாக, உங்கள் ஸ்லிப் யோக்கையே மாட்டி பாலன்ஸ் செய்ய வேண்டும். நாமக்கல், சங்ககிரி, சேலம் பக்கம் லாரி ஷாஃப்டுக்காக மெஷின் வைத்திருக்கும் பட்டறைகளில் விசாரியுங்கள், ஆனால் எத்தனை சுற்றில் ஓட்டிப் பார்ப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். லாரிக்குப் போதுமான சுற்று உங்களுக்குப் போதாது. ஐ.எஸ்.ஓ. பாலன்ஸ் தரத்தில் ஜி16 என்ற அளவு வேண்டும் என்று சொல்லுங்கள். 9 கிலோ ஷாஃப்டுக்கு 4,500 சுற்றில் அது அனுமதிக்கும் எடை வித்தியாசம் ஒரு முனைக்கு 4 கிராம் பக்கம் வரும், ஒரு ரூபாய் நாணயத்தின் எடைதான். மெஷின் கொடுக்கும் சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்.சி.யும் இன்ஷூரன்ஸும்

நீங்கள் இதைக் கேட்கவே இல்லை, ஆனால் "எஞ்சின் மாற்றியதை ஆர்.சி.யில் ஏற்றவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. ஷாஃப்டின் அளவு ஆர்.சி.யில் கிடையாது, அதை மாற்றியதற்காக யாரும் கேட்க மாட்டார்கள். எஞ்சின் அப்படி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த வடிவத்துக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடம் கொடுக்கிறது.

15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை நீங்கள் ஆர்.சி. புதுப்பித்தே ஆக வேண்டும், அப்போது எஞ்சின் எண்ணைப் பார்ப்பார்கள். அதைவிடப் பெரிய கவலை விபத்து. சொல்லாமல் எஞ்சின் மாற்றிய வண்டிக்கு உங்கள் சொந்தச் சேதத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனி மறுக்க வாய்ப்பு உண்டு, எதிராளிக்குக் கொடுத்த இழப்பீட்டை உங்களிடம் வசூலிக்கவும் முயலலாம். எஞ்சின் வாங்கிய பில், பழைய எஞ்சினின் விவரம், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இதை முறைப்படுத்த முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். முடியாது என்று வந்தால், கான்டெஸாவுக்கே வந்த 1.8 லிட்டர் இசுஸு எஞ்சினைத் தேடுவதையும் யோசியுங்கள், அதற்கும் அனுமதி வாங்கித்தான். இந்தக் கேள்விக்கு விடை தெரியும் முன் ஷாஃப்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். எஞ்சினும் கியர் பெட்டியும் மாறினால் ஷாஃப்டின் நீளமே மாறிவிடும்.

அப்பா விற்கச் சொல்வதைப் பற்றி. அவருக்கு வண்டி பிடிக்காமல் போனதாக எனக்குத் தோன்றவில்லை. 35 வருடத்துக்கு மேல் அந்த வண்டியின் சத்தத்தைக் கேட்டவர், இப்போது கேட்பது தப்பான சத்தம் என்று அவருக்குத் தெரிகிறது. 80-க்குள் ஒரு வாரம் அவரை அழைத்துப் போய்விட்டு, பிறகு விற்பதைப் பற்றிப் பேசுங்கள்.

கழற்றும் நாளில் ஷாஃப்டும் ஃப்ளாஞ்சும் சேரும் இடத்தில் குறுக்கே ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள், ஸ்லிப் யோக் எவ்வளவு உள்ளே போயிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். புது ஷாஃப்டில் அது முழுக்க உள்ளே முட்டாமல் 20, 25 மி.மீ. இடம் விட வேண்டும். அப்புறம் சுரங்கத்தின் குறுகலான இடத்தில் ஷாஃப்டின் மையத்திலிருந்து நாலு பக்கமும் எத்தனை மி.மீ. இருக்கிறது என்று, பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து அளந்து அனுப்புங்கள். 76 மி.மீ. குழாயைச் சுற்றி 25 மி.மீ. இடம் வேண்டும், அது இருந்தால் ஒற்றைக் குழாய்க்கே போய்விடலாம்.